கரப்பான் உள்ள குழந்தைக்குத் திட உணவு: எந்த வரிசை, எத்தனை கரண்டி?

#1 ஓட்டுவீடு

ஐந்தரை மாதக் குழந்தை. கன்னம், முழங்கை மடிப்பு, கெண்டைக்கால் மூன்றிலும் கரப்பான் (எக்ஸிமா). அப்பாவுக்கு ஆஸ்துமா. இதுவரை தாய்ப்பால் மட்டும். இன்னும் இரண்டு வாரத்தில் சோறு ஊட்ட ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் மூன்று கட்சி. பாட்டி பதினான்கு சாமான் வறுத்துச் சத்துமாவு திரித்து வைத்துவிட்டார். அத்தை, "அலர்ஜி உடம்பு, முட்டையும் கடலையும் மூணு வயசுக்கு மேலதான்" என்கிறார். டாக்டர், "ஆறு மாசத்துலேயே வேர்க்கடலை கொடுங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எப்படி, எவ்வளவு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொதுவான அறிவுரை நிறையப் படித்தாயிற்று. கரண்டிக் கணக்குதான் வேண்டும்.

#2 அளவுகரண்டி

அத்தை சொல்வது அவராகக் கட்டிய கதை இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000-ல் அப்படித்தான் சொன்னது: பால் ஒரு வயதுக்குப் பிறகு, முட்டை இரண்டுக்குப் பிறகு, கடலையும் மீனும் மூன்றுக்குப் பிறகு. தள்ளிப்போடுவதால் அலர்ஜி குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லையென்று 2008-ல் அவர்களே அதைக் கைவிட்டார்கள். அந்தச் செய்திதான் இன்னும் பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

தலைகீழாகத் திருப்பிப் போட்டது லண்டனில் நடந்து 2015-ல் வெளியான லீப் ஆய்வு. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகள். பாதிப் பேர் ஐந்து வயது வரை கடலையைத் தொடவில்லை. மீதிப் பேர் வாரம் 6 கிராம் கடலைப் புரதம், மூன்று வேளையாகவோ அதற்கு மேலாகவோ பிரித்துச் சாப்பிட்டார்கள். ஐந்து வயதில் ஒதுக்கியவர்களில் 17.2 சதவீதத்தினருக்குக் கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2. ஆக, "அலர்ஜி உடம்பு, அதனால் தள்ளிப்போடு" என்பது நேர் எதிரான முடிவு. அலர்ஜி உடம்புதான் சீக்கிரம் தொடங்க வேண்டிய உடம்பு.

ஒன்று கவனிக்க வேண்டும். தோல் பரிசோதனையில் பெரிய வீக்கம் காட்டிய குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதனால் எல்லாக் கரப்பான் குழந்தைக்கும் நாளைக் காலையே கடலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குழந்தைக்கு என்ன களிம்பு, எத்தனை நாள் போட்டீர்கள்?

#3 ஓட்டுவீடு

ஸ்டீராய்டு கிரீம். மூன்று மாதத்தில் நான்கு தடவை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம். போட்டால் அடங்குகிறது, நிறுத்திப் பத்து நாளில் திரும்ப வருகிறது.

#4 தோல்வாசல்

அப்படியானால் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. இரண்டும் சோற்றுக்கு முன்னால்.

முதலாவது தோல். உணவு வாய்வழியாக உள்ளே போனால் உடம்பு அதைப் பழகிக்கொள்ளப் பார்க்கிறது. அதே உணவின் தூசு வெடித்த தோல்வழியாகப் போனால் எதிரி என்று பதிந்துகொள்கிறது. கரப்பான் குழந்தைகளுக்கு உணவு அலர்ஜி அதிகம் வருவதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் இதுதான். நம் வீடுகளில் குளியலறையைப் பாருங்கள். பயத்தம் மாவு, கடலை மாவு, பாலாடை, பாதாம் விழுது என்று எல்லாமே உணவுப் புரதம். நல்ல தோலில் பெரிய சேதமில்லை. வெடிப்பும் நீருமாக இருக்கும் முழங்கை மடிப்பில் தினமும் கடலை மாவைத் தேய்ப்பது, அந்தப் பருப்பைத் தோலுக்கு எதிரியாக அறிமுகப்படுத்துவது போலத்தான். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதுவரை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதுமை ஒத்துக்கொள்ளாமல் போனது. பெரியவர்களுக்கே அந்த நிலை.

செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் புரதம் கொஞ்சம் தங்கும். கரப்பான் ஆறும்வரை அந்த மசாஜும் வேண்டாம். மணமில்லாத கெட்டிக் களிம்பு, வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி எதுவானாலும் போதும். குளித்து ஈரம் முழுக்க உலர்வதற்குள் தாராளமாகப் பூசுங்கள். டாக்டர் எழுதிய ஸ்டீராய்டைச் சிவப்பு போனதும் பாதியில் நிறுத்தாதீர்கள். தடவிப் பார்த்தால் சொரசொரப்பு இல்லாமல் இருக்க வேண்டும், அதுவரை. பிறகு எப்படிக் குறைப்பது என்று அவரிடமே கேளுங்கள். திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் பாதியில் விடுவதால்தான்.

இரண்டாவது பரிசோதனை. மருந்துச் சீட்டுக் களிம்பு அடிக்கடி தேவைப்படுகிற, விடாமல் திரும்பி வருகிற கரப்பானை 2017-ன் அமெரிக்க வழிகாட்டி "கடுமையானது" என்ற பட்டியலில்தான் வைக்கிறது. அந்த வகைக் குழந்தைக்குக் கடலை கொடுக்கும் முன் ஊசிமுனைத் தோல் பரிசோதனையோ, கடலைக்கான ஐஜிஇ (அலர்ஜியை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனையோ செய்யச் சொல்கிறது. தோலில் எழும் தடிப்பு 2 மி.மீ. வரை என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். 3 முதல் 7 வரை என்றால் முதல் வேளையை மருத்துவமனையில் வைத்து. 8 அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டு முயற்சியே கூடாது, அலர்ஜி மருத்துவர் பார்க்கட்டும். ரத்தத்தில் 0.35-க்குக் கீழே இருந்தால் பயம் குறைவு. எல்லா நாடுகளும் இதைக் கட்டாயமாக்கவில்லை, ஆஸ்திரேலியாவில் பரிசோதனை இல்லாமலே தொடங்கச் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் குழந்தைக்குச் செய்துவிடுவது நல்லது என்பேன்.

#5 வேப்பங்கொழுந்து

பரிசோதனை என்று போனால் "அறுபது உணவு பேனல்" என்று ஆயிரக்கணக்கில் பில் வருகிறதே. அரிசியில் தொடங்கி முருங்கைக்காய் வரை பாசிட்டிவ் என்று தாள் கொடுக்கிறார்கள்.

#6 தோல்வாசல்

அந்தப் பேனலைத் தொடவே தொடாதீர்கள். கரப்பான் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஇ பொதுவாகவே தூக்கலாக இருக்கும், கேட்டதற்கெல்லாம் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் என்றால் உடம்பு அதை "அடையாளம் கண்டிருக்கிறது", அவ்வளவுதான். சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்று பொருளில்லை. அந்தத் தாளைப் பார்த்து ஏற்கெனவே ஒத்துப்போன உணவை நிறுத்துவது இன்னும் மோசம். நிறுத்தியதாலேயே அலர்ஜி வந்து நிற்கிற குழந்தைகள் உண்டு. கடலை, முட்டை, தேவைப்பட்டால் பால். இந்த மூன்றுக்கு மட்டும் கேளுங்கள். ஐஜிஜி என்று ஒன்று விற்கிறார்கள், எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது உணவு அலர்ஜியைக் காட்டுகிற பரிசோதனையே இல்லை.

#7 வேப்பங்கொழுந்து

சரி. ஆனால் சத்துமாவை ஏன் வில்லனாக்குகிறீர்கள்? எத்தனை தலைமுறை அதில் வளர்ந்திருக்கிறது.

#8 அளவுகரண்டி

மாவு மேல் குற்றமில்லை, கலவை மேல்தான். பாட்டியின் டப்பாவில் என்னென்ன இருக்கும் என்று ஊகிக்கலாம்: கேழ்வரகு, கம்பு, சோளம், சிவப்பரிசி, சம்பா கோதுமை, பார்லி, பாசிப்பயறு, கொள்ளு, உளுந்து, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய். முதல் கரண்டியிலேயே கோதுமை, கடலை, இரண்டு கொட்டை, நான்கு பருப்பு. அரை மணி நேரத்தில் காணாக்கடி மாதிரி தடித்தால் எதைச் சொல்வீர்கள்? பதினான்கையும் நிறுத்த வேண்டிவரும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிச் சேர்க்க ஆறு மாதம். அந்த ஆறு மாதம்தான் பழக்கப்படுத்த வேண்டிய காலம், அது வீணாகப் போகும்.

கடையில் வாங்கும் குழந்தை உணவுப் பாக்கெட்டுகளிலும் இதே கதை. "அரிசி" என்று முன்பக்கம் பெரிதாக இருக்கும், பின்பக்கம் பால் பவுடர் இருக்கும். பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

திரித்த மாவைப் பெரியவர்கள் குடிக்கட்டும். பாட்டியிடம், குழந்தைக்கு அதே சாமான்களைத் தனித்தனி டப்பாவில் கேளுங்கள். மறுக்க மாட்டார். மில்லில் திரிப்பதென்றால் முந்தைய ஆளின் கோதுமை அல்லது மிளகாய் உங்கள் கேழ்வரகோடு வரும். சிறு அளவு வீட்டு மிக்ஸியே போதும்.

#9 ஓட்டுவீடு

பரிசோதனை முடிந்தது. கடலை 1 மி.மீ., முட்டை வெண்கரு 3 மி.மீ., பால் 0. கடலையை வீட்டில் தொடங்கலாம், முட்டை முதல் வேளை மட்டும் மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தோல் இப்போது வழவழப்பாக இருக்கிறது. இன்று ஆறு மாதம். இனி என்ன வரிசை?

#10 அளவுகரண்டி

முதலில் குழந்தை தயாரா என்று பாருங்கள். தாங்கிப் பிடித்தால் உட்காருகிறதா, தலை நிற்கிறதா, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறதா. மூன்றும் ஆம் என்றால் தொடங்கலாம்.

முதல் ஐந்தாறு நாள் அலர்ஜி குறைவானவை: குழைந்த அரிசிச் சோறு, கேழ்வரகுப் பால் காய்ச்சியது, வேகவைத்த பரங்கி, கேரட், மசித்த வாழைப்பழம். இது வயிற்றுக்காக மட்டும் இல்லை. குழந்தை கரண்டியில் விழுங்கக் கற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் கடலைக் கூழைத் துப்பியதா, வாந்தி எடுத்ததா என்றே தெரியாது. கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சுங்கள். 1 டீஸ்பூன் கேழ்வரகுப் பாலுக்கு 6 டீஸ்பூன் தண்ணீரில் தொடங்கி, நாள் செல்லச் செல்லக் கெட்டியாக்குங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் சட்டென்று வழியக் கூடாது.

பிறகு கடலை, முட்டை, தயிர், கோதுமை, எள், முந்திரி, பாதாம், மீன், இறால். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். ஏழரை மாதத்துக்குள் பெரிய பட்டியல் முடிந்துவிடும். வரிசை மாறினால் ஒன்றும் ஆகாது. ஒரே நாளில் இரண்டு புதியது கூடாது என்பதும், நுழைந்ததை நிறுத்தக் கூடாது என்பதும்தான் விதி.

நேரம் காலை 9 முதல் 11-க்குள். பகல் தூக்கத்துக்கு முன்னால் வேண்டாம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி போட்ட நாள் எதிலும் புதிய உணவு வேண்டாம். ஊட்டுகிறவர் இரண்டு மணி நேரம் குழந்தையை விட்டு நகராமல் இருக்க முடிகிற நாள்தான் சரியான நாள்.

#11 கடலைக்கொல்லை

கடலை பக்குவம் நான் சொல்றேன். இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க.

நல்ல பருப்பா பொறுக்கி எடுங்க. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிச்சதுன்னா ஒண்ணு விடாம தூக்கிப் போடுங்க. அதுல இருக்கிற நச்சு வறுத்தாலும் முழுசா போகாது. 100 கிராம் எடுத்து இரும்புச் சட்டில சின்னத் தீயில 8-10 நிமிஷம் வறுங்க. நல்லா ஆறினதும் தேய்ச்சுத் தோலைப் புடைச்சிடுங்க. சூட்டோட மிக்ஸில போட்டா எண்ணெய் விட்டு உருண்டை கட்டும். சின்ன ஜார்ல விட்டு விட்டு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு செகண்ட். சலிச்சு எடுங்க. மேல தங்குற குருணைய குழந்தைக்குக் குடுக்கக் கூடாது.

முழுக் கடலையும் உடைச்ச கடலையும் அஞ்சு வயசு வரைக்கும் கிட்டவே வேண்டாம், மூச்சுக்குழல்ல போய் நிக்கும். கெட்டி வெண்ணெயா கரண்டில எடுத்து வாயில வைக்கிறதும் தப்பு. அண்ணத்துல ஒட்டிக்கும், குழந்தை திணறும். கடைல வாங்குற கடலை வெண்ணெய்ல சர்க்கரை, உப்பு, சிலதுல தேனும் இருக்கும். தேன் ஒரு வயசுக்குள்ள கூடவே கூடாது.

அளவு: 8 கிராம் பருப்புல 2 கிராம் புரதம். பொடியா சுமார் ரெண்டரை டீஸ்பூன். முடிஞ்சா ஒரு தடவை நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதுல நிறுத்துப் பாத்துடுங்க, நம்ம ஊர் டீஸ்பூன் எல்லாம் ஒரே அளவு இல்ல. பொடில 4-5 டீஸ்பூன் வெந்நீர் ஊத்தி குழைச்சு, கட்டி இல்லாம பழக்கமான கேழ்வரகு கஞ்சில கலந்துக்கோங்க.

முதல் நாள் கரண்டி நுனில மட்டும், ஒரு மிளகளவு. 10 நிமிஷம் பொறுங்க. ஒண்ணும் இல்லன்னா மீதிய மெதுவா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வாய். சாப்பிடச் சாப்பிடத் துப்பினா விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம். கன்னத்துல தடவி "டெஸ்ட்" பண்றது வேண்டவே வேண்டாம். கரப்பான் தோல் எதைப் பட்டாலும் சிவக்கும், அதுல இருந்து ஒண்ணும் தெரியாது.

#12 அளவுகரண்டி

அருமை. முட்டைக்கு இதைவிட நிதானம் வேண்டும், அதுவும் 3 மி.மீ. காட்டிய குழந்தைக்கு.

கொதிக்கும் நீரில் 15 நிமிடம். அரைவேக்காடும், நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகப் பாலில் அடிப்பதும் கிருமிக்கு மட்டும் பயந்து தவிர்ப்பதில்லை. வெண்கருவின் ஒரு முக்கியப் புரதம் நீண்ட சூட்டில் உருக்குலைந்து வீரியம் குறையும். இன்னொன்று சூட்டுக்கு அசையாது, அதனால்தான் வேகவைத்ததும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் பச்சை முட்டைப் பொடியைக் கரப்பான் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கணிசமான பேருக்கு எதிர்வினை வந்தது. ஜப்பானில் 2017-ல் வெளியான பெட்டிட் ஆய்வு மூன்று விஷயத்தை மாற்றியது: வேகவைத்த முட்டைப் பொடி, மிகச் சிறிய அளவு, கரப்பானை முதலில் அடக்குவது. ஆறு மாதத்தில் தினம் 50 மில்லிகிராம் பொடி, ஒன்பது மாதத்தில் 250. ஒரு வயதில் முட்டை அலர்ஜி 8 சதவீதம், கொடுக்காதவர்களில் 38.

50 மில்லிகிராம் பொடி என்பது வெந்த முட்டையில் 0.2 கிராம். அவ்வளவு சிறிய அளவே போதுமானதாக இருந்தது என்பதுதான் செய்தி. மருத்துவமனையில் முதல் வேளை நன்றாக முடிந்தால் வீட்டில் அதே அளவில் மூன்று நாள், பிறகு கால் டீஸ்பூன், அரை, ஒன்று என்று அவர்கள் எழுதித் தரும் வேகத்தில் ஏறுங்கள். வெண்கரு ரப்பர் மாதிரி இருக்கும். துருவியில் சீவி, மஞ்சள்கருவோடு வெந்நீர் விட்டு மசியுங்கள். "மஞ்சள்கரு மட்டும்" என்று பல வீட்டில் மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். பழக வேண்டியது வெண்கருவுக்கு.

#13 மணல்வீடு

குறுக்கே ஒரு கேள்வி. மூன்று நாள் விதியை எல்லாவற்றுக்கும் வைத்தால் பரங்கி மூன்று நாள், கேரட் மூன்று நாள் என்று ஒரு வருடம் ஆகிவிடாதா?

#14 தோல்வாசல்

ஆகும். அதனால்தான் காய், பழங்களுக்கு அது தேவையில்லை. பரங்கியும் புடலையும் ஒரே நாளில் வந்தாலும் பரவாயில்லை. உடனடி அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இடைவெளி, அலர்ஜிப் பட்டியலில் உள்ளவைக்கு மட்டும். "அளவுகரண்டி" சொன்ன மூன்று நாள்கூட நடுவில் அளவை ஏற்றுவதற்கும் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கும்தான்.

தக்காளி, ஆரஞ்சு, அன்னாசி இவை வாயைச் சுற்றிச் சிவப்பாக்கும். புளிப்பு பட்ட எரிச்சல் அது. ஊட்டும் முன் உதட்டைச் சுற்றிப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள், முடிந்ததும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பட்ட இடத்தில் மட்டும் சிவந்து ஒரு மணி நேரத்தில் மறைந்தால் நிறுத்த வேண்டாம். படாத இடத்தில், அதாவது வயிறு, முதுகு, காது மடலில் தடித்தால் அது வேறு கணக்கு.

#15 இரவுப்பணி

அந்த வேறு கணக்கை நான் சொல்கிறேன். அவசரப் பிரிவில் வேலை.

நாலைந்து தடிப்பு மட்டும், குழந்தை விளையாடுகிறது: ஊட்டுவதை நிறுத்துங்கள், டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த தூக்கம் வரவைக்காத அலர்ஜி மருந்தைக் கொடுங்கள், நான்கு மணி நேரம் பாருங்கள். உடம்பு முழுக்கத் தடிப்போடு வாந்தி, அல்லது கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று: குரல் கம்மி அழுவது, விடாத இருமல், மூச்சில் விசில், நாக்கோ உதடோ வீங்குவது, திடீரென்று வெளிறித் துவண்டு போவது. இவை அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. பெரியவர் மாதிரி "மூச்சு முட்டுகிறது" என்று குழந்தை சொல்லாது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தை சுருண்டு மடியில் சாய்ந்தால் "தூக்கம் வருது போல" என்று தொட்டிலில் போட்டுவிடாதீர்கள்.

படுக்க வையுங்கள். தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது நிமிர்த்தினால் நிலைமை மோசமாகும். வாந்தி இருந்தால் ஒருக்களித்து. 108-க்குக் கூப்பிட்டு "உணவு அலர்ஜி, மூச்சு" என்று சொல்லுங்கள்.

மருந்து அட்ரினலின் மட்டும்தான். தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலில் 8 கிலோ குழந்தைக்கு 0.08 மி.லி. அலர்ஜி சிரப்போ ஸ்டீராய்டோ இதற்கு மாற்று இல்லை, அவை வேலை செய்யும் என்று காத்திருக்கவும் கூடாது. அழுத்தினாலே போடுகிற ஊசிப் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைக்கிற பொருள் இல்லை. அதனால் அதிக ஆபத்துள்ள குழந்தைக்கு டாக்டர் ஆம்பூலும் 1 மி.லி. சிரிஞ்சும் எழுதி, கோடு போட்டுக் காட்டி, போடவும் கற்றுத் தருவார். கற்காமல் வீட்டில் முயல வேண்டாம். உங்களுக்கு அது தேவையா என்று முட்டை நாளன்று அங்கேயே கேளுங்கள். இன்னொன்று: முதல் வேளையை எந்த ஊரில் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 24 மணி நேர மருத்துவமனை இருபது நிமிடத்துக்குள் இருக்கிற இடமாக இருக்கட்டும். லீவுக்கு மலைக் கிராமத்துக்குப் போன இடத்தில் புதிதாக முந்திரி வேண்டாம்.

#16 கடலைக்கொல்லை

கொடுத்து மூணு மணி நேரம் கழிச்சு வாந்தி எடுத்தா? எங்க பக்கம் "மாந்தம்"னு சொல்லி உரை மருந்து உரசி ஊத்துவாங்க.

#17 இரவுப்பணி

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து, ஒரு தடிப்புகூட இல்லாமல், அடுத்தடுத்து வாந்தி. வெளிறி, குளிர்ந்து, துவண்டு போகும். சிலருக்குப் பிறகு பேதி. இது ஐஜிஇ வழி வராத, குடல்வழி வரும் இன்னொரு வகை உணவு எதிர்வினை. இங்கே ஏமாற்றுவது அரிசிதான். நாம் பாதுகாப்பு என்று முதலில் கொடுக்கிற அரிசியும், பாலும், ஓட்ஸும் இதற்குக் காரணமாகலாம். தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்று வரும். முதல் தடவை "மாந்தம்", இரண்டாம் தடவை "கண்ணு பட்டுடுச்சு", மூன்றாம் தடவை டிரிப்ஸ் ஏற்றும் நிலைக்கு வருவார்கள்.

ஒரே உணவு, அதே இரண்டு மூன்று மணி நேர இடைவெளி, இரண்டு தடவை. இப்படி வந்தால் அந்த உணவை நிறுத்திவிட்டுத் தேதி, நேரம், அளவு எழுதிய தாளோடு போங்கள். மாத நாட்காட்டியின் கட்டத்தில் எழுதினாலே போதும். துவண்ட குழந்தைக்கு உரை மருந்தோ, வாயில் தண்ணீரோ ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் போகும். உடனே மருத்துவமனை. சிகிச்சை நீரேற்றமும் வாந்தியை நிறுத்தும் மருந்தும்.

#18 மணல்வீடு

பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டுப்பால்? தெருவில் கழுதைப்பால்கூட வருகிறது.

#19 தோல்வாசல்

பசு, எருமை, ஆடு மூன்றின் புரதமும் கிட்டத்தட்ட ஒன்று. ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது. கழுதைப்பாலைச் சங்கில் பச்சையாக ஊற்றுகிறார்கள், கிருமிக்கே பயப்பட வேண்டும். இந்தக் குழந்தைக்குப் பால் பரிசோதனை 0, அதனால் வீட்டுத் தயிரில் தொடங்குங்கள்: கால் டீஸ்பூன், மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு டேபிள்ஸ்பூன். குடிக்கிற பாலாக ஒரு வயதுக்குப் பிறகு. பிறந்த மருத்துவமனையில் ஒன்றிரண்டு வேளை பவுடர் பால் கொடுத்துவிட்டுப் பிறகு தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த மாதிரிக் குழந்தைக்கு முதல் தயிரில் கூடுதல் கவனம்.

அம்மா பத்தியம் இருக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். அம்மா ஒதுக்குவதால் குழந்தைக்கு அலர்ஜி வராமல் தடுக்க முடிவதில்லை. குழந்தைக்கு ரத்தக் கலப்போடு மலம் போன்ற தெளிவான அறிகுறி இருந்தால்தான் டாக்டர் சொல்லி நிறுத்துவது.

#20 அளவுகரண்டி

அலர்ஜி பயத்தில் மறந்து போகிற ஒன்று இரும்புச்சத்து. ஆறு மாதத்தோடு பிறவிச் சேமிப்பு தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அரிசிக் கஞ்சியும் வாழைப்பழமுமாக மூன்று மாதம் "பத்திரமாக" ஓட்டினால் ஒன்பதாம் மாதத்தில் வெளிறிய குழந்தைதான் மிஞ்சும். சாப்பிடுகிற வீடென்றால் ஈரல், நன்றாக வெந்து மசித்த கறி. சைவம் என்றால் பாசிப்பருப்போடு எலுமிச்சைச் சாறு சில துளி. அரசுத் திட்டத்தில் ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு தடவை தரும் 1 மி.லி. இரும்பு சிரப்பையும் விடாதீர்கள்.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியை "முட்டை அலர்ஜி" என்று சொல்லித் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். முட்டை அலர்ஜி அதற்குத் தடையே இல்லை.

#21 ஓட்டுவீடு

எட்டு மாதம். கடலை, தயிர், கோதுமை, எள், முந்திரி முடிந்தன. முட்டை அரை டீஸ்பூனில் நிற்கிறது, பிரச்சினை இல்லை. பாட்டி கேட்கிறார்: எல்லாம் ஒத்துப்போனதே, இனி சத்துமாவு தரலாமா? அதிலேயே கடலை இருக்கிறதால் தனியாக வேண்டாமே என்கிறார்.

#22 அளவுகரண்டி

தாராளமாகத் தரலாம், அதிலுள்ள ஒவ்வொன்றும் தனியாக நுழைந்திருந்தால். பாதாம் உங்கள் பட்டியலில் இல்லை. அதை முதலில் முடியுங்கள். கொள்ளு, உளுந்து, பொட்டுக்கடலையும் ஒரு தடவை தனியாகப் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் பருப்பு அலர்ஜியும் உண்டு.

ஆனால் கடலைக்குச் சத்துமாவு போதாது. வழக்கமான பக்குவத்தில் 2 கிலோ மாவுக்கு 100 கிராம் கடலை போடுவார்கள், அதாவது 5 சதவீதம். குழந்தை ஒரு வேளைக்கு 2 டேபிள்ஸ்பூன், சுமார் 15 கிராம் மாவு சாப்பிட்டால் அதில் கடலை 0.75 கிராம், புரதம் 0.2 கிராம்கூட வராது. லீப் ஆய்வின் கணக்குக்கு ஒரு வேளைக்கு 2 கிராம் வேண்டும். பத்தில் ஒரு பங்கு.

அதனால் மாவைக் கடலை இல்லாமல் திரிக்கச் சொல்லுங்கள். கஞ்சியை இறக்கிய பிறகு வாரத்துக்கு மூன்று நாள், திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொண்டு, ரெண்டரை டீஸ்பூன் கடலைப் பொடியை அதில் கரையுங்கள். முட்டை செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஊருக்குப் போய் ஒரு வாரம் விட்டுப்போனால் பதற வேண்டாம், வந்ததும் தொடரலாம். மாதக்கணக்கில் விட்டிருந்தால் மறுபடி கரண்டி நுனியிலிருந்து.

பொடியை 100 கிராமுக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிட்டுப் புதிதாக வறுங்கள். குழந்தை அந்த வாடைக்குத்தான் துப்பும், நாம் கடலை பிடிக்கவில்லை என்று நிறுத்திவிடுவோம்.